காபன் நாரில் ஒரு கார்: இலகுவான உடல், பாரமான கணக்கு

ஜேர்மனியின் லைப்சிக் நகரில் உள்ள பி.எம்.டபிள்யூ தொழிற்சாலையில் 2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஐ-3 காரின் உற்பத்தி நிறுத்தப்பட்டது. 2013 இல் தொடங்கி அதுவரை 250,000 கார்கள் செய்யப்பட்டிருந்தன. பார்வைக்கு அது ஒரு சின்ன மின்சாரக் கார். ஆனால் வாகனத் தொழிலின் வரலாற்றில் அதற்கென்று ஓர் இடம் உண்டு. ஆட்கள் அமரும் கூடு முழுவதையும் காபன் நாரினால் செய்து, பெருந்தொகையில் விற்கப்பட்ட முதல் கார் அதுதான். அதற்குப் பின் அந்த அளவில் இன்னொன்று வரவில்லை.

ஏன் வரவில்லை? பாரம் குறைந்த கார் குறைந்த சக்தியில் ஓடும். காபன் நார் துருப்பிடிக்காது. அதன் பாரத்துக்கு அது தரும் பலம் உருக்கை விடப் பல மடங்கு. இவ்வளவு நல்ல பொருளை ஏன் எல்லாக் கார்களிலும் பயன்படுத்தவில்லை என்று கேட்பது நியாயமே.

இந்தக் கேள்வி பொறியியலாளருக்கு மட்டும் உரியது அல்ல. ஐரோப்பாவிலும் கனடாவிலும் எம்மவர் பலர் வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். இன்னும் பலர், விலை இறங்கியிருக்கும் பழைய மின்சாரக் கார் ஒன்றை வாங்கலாமா என்று யோசிக்கிறார்கள். காரின் உடல் எதனால் ஆனது என்பது இரு சாராரின் கையையும் பையையும் தொடும் விடயம்.

மண்ணும் வைக்கோலும்

ஊரில் மண் சுவர் வைக்கும்போது களிமண்ணோடு வைக்கோலையும் சேர்த்துக் குழைப்பார்கள். களிமண் தனியே காய்ந்தால் வெடித்துவிடும். வைக்கோல் தனியே சுவராக நிற்காது. இரண்டும் சேரும்போது வைக்கோல் வெடிப்பைப் பிடித்து நிறுத்துகிறது. மண் வைக்கோலை அதன் இடத்தில் வைத்திருக்கிறது. கூட்டுப் பொருள் என்பதன் அடிப்படை இவ்வளவுதான். எமது கடற்கரைகளில் நிற்கும் பைபர் படகுகளும் இதே முறையில் செய்யப்பட்டவை. அங்கே வைக்கோலின் இடத்தில் கண்ணாடி நார். மண்ணின் இடத்தில் பிசின்.

காரில் பயன்படுவதும் இந்த வகைதான். கண்ணாடி நாருக்குப் பதிலாகக் காபன் நாரைப் போட்டால் விறைப்பு கூடுகிறது, பாரம் இன்னும் குறைகிறது. ஒரு லீற்றர் கொள்ளளவுள்ள உருக்குக் கட்டி 7.8 கிலோ நிறுக்கும். அதே அளவு அலுமினியம் 2.7 கிலோ. கண்ணாடி நாரும் பிசினும் சேர்ந்த கூட்டுப் பொருள் 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. காபன் நார்க் கூட்டு ஏறக்குறைய 1.6 கிலோ மட்டுமே.

ஆனால் நாருக்கு ஒரு குணம் உண்டு. துணியை நூலோட்டத்தில் இழுத்தால் நீளாது. மூலைவாட்டில் இழுத்தால் நீளும். தையல் தெரிந்தவர்களுக்கு இது நன்கு தெரியும். காபன் நாரும் அப்படித்தான்: நார் ஓடும் திசையில் பெரும் பலம், குறுக்கே பலம் குறைவு. உருக்குத் தகடு எந்தப் பக்கம் இழுத்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரித் தாங்கும். எனவே காபன் பாகம் ஒன்றை வடிவமைப்பவர், விசை எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதை முன்கூட்டியே கணித்து, படை படையாக நாரின் திசையை மாற்றி அடுக்க வேண்டும். பொருளின் விலைக்கு மேல் இந்த உழைப்புக்கும் விலை உண்டு.

பஞ்சினால் ஒரு கார்

கூட்டுப் பொருளால் கார் செய்வது புதிய எண்ணம் அல்ல. லைப்சிக்கிலிருந்து தெற்கே, அதே சாக்சனி மாநிலத்தில், சுவிக்காவ் என்ற நகரம் இருக்கிறது. கிழக்கு ஜேர்மனி தனி நாடாக இருந்த காலத்தில் அங்கே 1957 முதல் 1991 வரை ட்ரபான்ட் என்ற சின்னக் கார் செய்யப்பட்டது. மொத்தம் ஏறக்குறைய 30 இலட்சம் கார்கள். அவற்றின் வெளித்தகடுகள் உருக்கு அல்ல. பஞ்சுக் கழிவைப் பீனோல் பிசினோடு சேர்த்து, சூடான அச்சில் அழுத்திச் செய்த டூரோபிளாஸ்ட் என்ற பொருள்.

அவர்கள் அப்படிச் செய்தது பாரத்தைக் குறைக்க அல்ல. காருக்கு உரிய மெல்லிய உருக்குத் தகடு அந்த நாட்டில் தட்டுப்பாடாக இருந்தது. பஞ்சுக் கழிவு கிடைத்தது. இருப்பதைக் கொண்டு செய்தார்கள். தகடுகள் துருப்பிடிக்கவில்லை. ஆனால் உள்ளே இருந்த சட்டகம் உருக்கு என்பதால் அது துருப்பிடித்தது. இரு ஜேர்மனிகளும் இணைந்த பின்னர் இலட்சக்கணக்கான ட்ரபான்ட் கார்கள் கைவிடப்பட்டன. டூரோபிளாஸ்டை உருக்கி மறுபடி வார்க்க முடியாது என்பதால் அவற்றை என்ன செய்வது என்பதே பெரிய தலையிடியானது.

மற்ற நாடுகளிலும் முயற்சிகள் நடந்தன. அமெரிக்காவில் 1953 இல் செவர்லே நிறுவனம் கோர்வெட் காரைக் கண்ணாடி நார் உடலோடு வெளியிட்டது. முதல் ஆண்டில் செய்தவை 300 மட்டுமே. பிரான்ஸில் 1984 இல் வந்த றெனோ எஸ்பாஸ், துத்தநாகம் பூசிய உருக்குச் சட்டகத்தின் மேல் கண்ணாடி நார்த் தகடுகள் பொருத்தப்பட்ட குடும்பக் கார். இவற்றில் எல்லாம் கூட்டுப் பொருள் ஒரு தோல் மட்டுமே. மோதலைத் தாங்கும் எலும்பு உருக்காகவே இருந்தது.

எலும்பையே காபன் நாரில் செய்யும் துணிவு ஓட்டப்பந்தயக் களத்தில் வந்தது. 1981 இல் ஜோன் பார்னாட் வடிவமைத்த மக்லாறன் பந்தயக் கார், ஓட்டுநர் அமரும் கூட்டைக் காபன் நாரில் கொண்டிருந்தது. விபத்து நடந்தால் அது கண்ணாடி போல் நொருங்கிவிடும் என்று பலர் எச்சரித்தார்கள். அதே ஆண்டு இத்தாலியின் மொன்சா பந்தயத்தில் அந்தக் கார் தடுப்பில் மோதியது. பின்பகுதி முறிந்து பிரிந்தது. ஓட்டுநர் ஜோன் வொட்சன் கூட்டிலிருந்து நடந்து வெளியே வந்தார். அதற்குப் பின் பந்தயக் கார்களில் காபன் நார் வழமையாகிவிட்டது.

பந்தயக் காரை ஆண்டுக்கு ஒரு சில செய்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் வாரக்கணக்கில் கையால் நாரை அடுக்கலாம். நாளாந்தம் நூற்றுக்கு மேற்பட்ட கார்களைச் செய்வது வேறு தொழில். அதைத்தான் பி.எம்.டபிள்யூ முயன்றது.

ஒரு நாரின் நீண்ட பயணம்

ஐ-3 காரின் காபன் நார் பிறந்தது ஜப்பானில். அங்கே ஒட்டாகே என்ற இடத்தில் அக்கிரிலிக் வகை நார் ஒன்று தயாரிக்கப்பட்டது. குளிர்ச்சட்டை பின்னும் செயற்கை நூலுக்கு அது நெருங்கிய உறவு. அந்த நார் கடல் கடந்து அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் உள்ள மோசஸ் லேக் என்ற ஊருக்குப் போனது.

அங்கே அதை முதலில் 200 முதல் 300 பாகை செல்சியஸ் வரையான சூட்டில் பதப்படுத்துவார்கள். பின்னர் ஒட்சிசன் இல்லாத உலையில் 1,000 பாகைக்கு மேல் சூடாக்குவார்கள். காபன் தவிர்ந்த மற்றவை பெரும்பாலும் வெளியேறி, நார் கறுத்துப் போகும். இரண்டு கிலோ மூலநாரிலிருந்து கிடைப்பது ஏறக்குறைய ஒரு கிலோ காபன் நார்தான். அதன் தடிப்பு தலைமுடியின் பத்தில் ஒரு பங்கு. அப்படியான 50,000 நார்களைச் சேர்த்து ஒரு கற்றையாகச் சுற்றுவார்கள்.

மோசஸ் லேக்கைத் தெரிவு செய்ததற்குக் காரணம் மின்சாரம். கொலம்பியா ஆற்றின் அணைகளிலிருந்து அங்கே மலிவான நீர்மின்சாரம் கிடைக்கிறது. ஒரு கிலோ காபன் நார் செய்வதற்கு, ஒரு கிலோ உருக்குச் செய்வதைப் போலப் பல மடங்கு சக்தி தேவை. நிலக்கரி மின்சாரத்தில் அதைச் செய்தால், பாரம் குறைந்த கார் தன் வாழ்நாளில் மிச்சம் பிடிக்கும் சக்தியின் பெரும் பங்கு, கார் வீதிக்கு வருமுன்னரே செலவாகியிருக்கும்.

மோசஸ் லேக்கிலிருந்து கற்றைகள் ஜேர்மனியின் வக்கர்ஸ்டோர்ப் நகருக்கு வந்து விரிப்புகளாக மாறின. அங்கிருந்து லான்ட்ஸ்கூட், லைப்சிக் தொழிற்சாலைகளுக்குச் சென்றன. விரிப்புகளை வெட்டி, சூடாக்கி, உரிய வடிவத்துக்கு மடித்து, மூடிய அச்சுக்குள் வைத்து, உயர் அழுத்தத்தில் பிசினைச் செலுத்தினார்கள். பிசின் இறுகியதும் பாகம் தயார். இப்படிச் செய்த ஏறக்குறைய 150 பாகங்களை இயந்திரக் கைகள் பசையால் ஒட்டிக் கூட்டை உருவாக்கின. வெல்டிங் தீப்பொறி இல்லாத அமைதியான தொழிற்சாலை அது. பற்றரியும் மோட்டாரும் கீழே உள்ள அலுமினியச் சட்டகத்தில் இருந்தன. வெளித்தோல் சாதாரண பிளாஸ்டிக். காரின் பாரம் 1,195 கிலோ.

பற்றரி மலிந்தது, கணக்கு மாறியது

அந்தத் திட்டம் தொடங்கிய காலத்தில் கணக்குச் சரியாகவே இருந்தது. 2010 அளவில் மின்சாரக் காரின் பற்றரி, ஒரு கிலோவாற் மணித்தியாலத்துக்கு 1,000 அமெரிக்க டொலருக்கு மேல் விலைபோனது. பற்றரி பாரமும் கூட. ஐ-3 இன் முதல் பற்றரி 22 கிலோவாற் மணித்தியாலம். பாரம் ஏறக்குறைய 230 கிலோ. உடலில் பாரத்தைக் குறைத்தால், அந்தச் சின்னப் பற்றரியிலேயே போதிய தூரம் ஓடலாம். விலை கூடிய காபன் நார், அதை விட விலை கூடிய பற்றரியை மிச்சம் பிடிக்கும் என்பதே எண்ணம்.

பின்னர் பற்றரியின் விலை விழுந்தது. 2024 இல் அதே ஒரு கிலோவாற் மணித்தியாலத்தின் சராசரி விலை ஏறக்குறைய 115 டொலர். காபன் நாரின் விலை அப்படி விழவில்லை. கிலோ கணக்கில் பார்த்தால் அது இன்றும் உருக்கைப் போலப் பத்து மடங்குக்கு மேல். எனவே இன்னும் நூறு கிலோமீற்றர் கூட ஓட வேண்டுமென்றால், உருக்கு உடலுக்குள் சற்றுப் பெரிய பற்றரியை வைப்பதே மலிவு என்றாகிவிட்டது. பி.எம்.டபிள்யூவும் ஐ-3 இன் பற்றரியை 33, பிறகு 42 கிலோவாற் மணித்தியாலமாக உயர்த்தியது.

இரண்டாவது காரணம் மின்சாரக் காரின் இயல்பு. பெற்றோல் காரில் பாரத்தைப் பத்து வீதம் குறைத்தால் எரிபொருள் சிக்கனம் 6 முதல் 8 வீதம் கூடும் என்பது பொதுவான கணிப்பு. பாரமான கார் ஒவ்வொரு சந்தியிலும் நின்று புறப்படும்போது கூடுதல் எரிபொருளைக் குடிக்கிறது. பிரேக் போட்டதும் அந்தச் சக்தி வெப்பமாக வீணாகிறது. மின்சாரக் கார் பிரேக் போடும்போது அதில் ஒரு பகுதியைப் பற்றரிக்கு மீட்டெடுக்கிறது. நெடுஞ்சாலையில் வேகமாக ஓடும்போது சக்தியைத் தின்பது பெரும்பாலும் காற்றின் எதிர்ப்பு. அதற்கும் பாரத்துக்கும் தொடர்பு இல்லை. ஆகவே மின்சாரக் காரில் பாரக் குறைப்பின் இலாபம் சுருங்குகிறது.

மூன்றாவது காரணம் நேரம். உருக்குத் தகட்டை அச்சில் அடித்துப் பாகமாக்கச் சில விநாடிகள் போதும். ஐ-3 இன் காபன் பாகம் ஒன்றுக்கு நிமிடக் கணக்கில் தேவைப்பட்டது. பத்து நிமிடத்துக்குள் முடித்ததே அந்தத் துறையில் பெரிய சாதனைதான். ஆனாலும் நிமிடத்துக்கு ஒரு கார் வெளிவரும் தொழிற்சாலைக்கு அது போதாது. ஒரே பாகத்துக்குப் பல அச்சுகளும் பல அழுத்த இயந்திரங்களும் வேண்டும். இதற்கிடையில் உருக்கும் சும்மா இருக்கவில்லை. சூடாக்கி அழுத்தும் புதிய உருக்கு வகைகள் மெல்லிய தகட்டிலேயே பெரும் பலத்தைத் தருகின்றன.

அடிபட்டால் என்ன ஆகும்?

பழைய கார் வாங்குவோர் கவனிக்க வேண்டிய இடம் இது. உருக்குக் கார் மோதினால் தகடு நெளியும். எங்கே நெளிந்தது என்பது கண்ணுக்குத் தெரியும். ரிங்கரிங் தெரிந்தவர் அதை நிமிர்த்துவார், அல்லது வெட்டி வெல்டிங் செய்வார். காபன் நார் நெளியாது. ஓர் எல்லை வரை அசையாமல் நிற்கும். அதைத் தாண்டினால் முறியும். இடைப்பட்ட அடியில், வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே படைகள் ஒன்றிலிருந்து ஒன்று கழன்றிருக்கலாம். ஐ-3 போன்ற காரில் வெளித்தோல் வளைந்து மீளும் பிளாஸ்டிக் என்பதால் உள்ளே நடந்ததை அது மறைத்தும் விடலாம்.

திருத்த முடியாது என்பதல்ல. முன்கூட்டியே குறிக்கப்பட்ட இடங்களில் சேதமான பகுதியை வெட்டி, புதிய துண்டை ஒட்டும் முறையை உற்பத்தியாளரே வகுத்திருந்தார். ஆனால் அதற்கு உரிய பயிற்சியும் பசையும் கருவியும் வேண்டும். மூலைக்கடைக் கராஜில் அது ஆகாது. இன்னொன்றும் உண்டு: காபன் நார் மின்சாரத்தைக் கடத்தும். அலுமினியம் அதை நேரே தொட்டு, ஈரமும் பட்டால், அலுமினியம் அரிக்கத் தொடங்கும். வழக்கமான முறையில் துளையிட்டு ஆணி ஏற்றிவிட்டால் பிறகு வரும் சேதம் பெரிது.

எனவே இவ்வாறான காரை வாங்குமுன் மூன்று விடயங்களைக் கேட்க வேண்டும். விபத்து வரலாறு எழுத்தில் இருக்கிறதா? திருத்தம் நடந்திருந்தால் அதைச் செய்தவருக்கு காபன் உடலில் வேலை செய்யும் பயிற்சி இருந்ததா? நீங்கள் வாழும் பகுதியில் அதைத் திருத்தக்கூடிய இடம் உண்டா? காப்புறுதி நிறுவனத்திடமும் முன்கூட்டியே விலை கேட்டுப் பார்ப்பது நல்லது. மலிவாகக் கிடைத்த கார், சின்ன மோதலோடு திருத்தப் பெறுமதியற்றது என்று கழிக்கப்படலாம்.

தொழிற்சாலையில் வேலை செய்பவர்களுக்கும் ஒரு சொல். நார்க் கூட்டை வெட்டும்போதும் உரசும்போதும் வரும் தூசு தோலிலும் கண்ணிலும் எரிச்சலைத் தரும், சுவாசிக்கக் கூடாது. காபன் தூசு மின்கருவிக்குள் புகுந்தால் மின்னொழுக்கை உண்டாக்கலாம். எப்பொக்சிப் பிசின் கையில் படப்படத் தோல் ஒவ்வாமை வரலாம்; ஒருமுறை வந்துவிட்டால் அது பொதுவாக வாழ்நாள் முழுவதும் தொடரும். முகக்கவசமும் உரிய கையுறையும் தருவது முதலாளியின் கடமை. மொழி தெரியாது என்ற தயக்கத்தில் கேட்காமல் இருந்துவிடக் கூடாது.

கடைசியில் எங்கே போகும்?

ட்ரபான்ட் விட்டுச்சென்ற கேள்வி இன்றும் முழுமையாகத் தீரவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி, 2015 முதல் கழிக்கப்படும் காரின் பாரத்தில் 85 வீதம் மீள்பாவனைக்கோ மீள்சுழற்சிக்கோ போக வேண்டும். சக்திக்காக எரிப்பதையும் சேர்த்து 95 வீதம் பயன்பட வேண்டும். உருக்கையும் அலுமினியத்தையும் உருக்கினால் மீண்டும் உருக்கும் அலுமினியமும்தான். காபன் நார்க் கூட்டில் பிசினைக் காற்றில்லாத உலையில் எரித்து நீக்கி நாரை மீட்கலாம். ஆனால் நீண்ட நார் குட்டையாகிவிடும். பழைய வேலைக்கு உதவாது, தாழ்ந்த வேலைக்குத்தான் உதவும். ஐ-3 இன் கூரைக்கு, தொழிற்சாலையில் மிஞ்சிய நார்த் துண்டுகளைப் பயன்படுத்தினார்கள். அது நல்ல தொடக்கம். ஆனால் அது வெட்டுக் கழிவு. ஓடி முடிந்த காரிலிருந்து எடுத்த நார் அல்ல.

காபன் நார் கார்களிலிருந்து மறைந்துவிடவும் இல்லை. முழுக் கூட்டுக்குப் பதிலாக, வேண்டிய இடத்தில் மட்டும் வைக்கிறார்கள். 2015 இல் வந்த பி.எம்.டபிள்யூ 7 வரிசைக் கார்களில் கூரைச் சட்டம், தூண்கள் போன்ற இடங்களில் உருக்கோடும் அலுமினியத்தோடும் காபன் நார் சேர்க்கப்பட்டது. ஐதரசன் காரின் தாங்கி 700 வளிமண்டல அளவு அழுத்தத்தைத் தாங்குவதற்குக் காபன் நாரே சுற்றப்படுகிறது. கண்ணாடி நார் பின்கதவுகளிலும் சில கார்களின் வில்லுகளிலும் இடம் பிடித்திருக்கிறது. கதவின் உட்பக்கத் தட்டுகளில் சணல், ஆளி போன்ற தாவர நார்கள் வந்துவிட்டன. எமக்குப் பழக்கமான தென்னந்தும்பும் றப்பர் பாலும் சேர்ந்த மெத்தை ஐரோப்பியக் கார் இருக்கைகளுக்குள் முன்பே இருந்திருக்கிறது.

ஐ-3 தோல்வியுற்ற பொருளின் கதை என்று நாம் நினைக்கவில்லை. பொருள் தன் வேலையைச் செய்தது. அதைச் சுற்றியிருந்த விலைகள் மாறின. ஆனால் பாரம் என்ற பிரச்சினை அப்படியே இருக்கிறது. பற்றரி மலிந்ததும் கார்கள் பெருத்தன. இன்று 2,000 கிலோவைத் தாண்டிய மின்சாரக் கார்கள் சாதாரணம். அவை ரயரை விரைவாகத் தேய்க்கின்றன. வீதியில் நடந்து போகும் பிள்ளையை மோதினால் சேதமும் கூட. பாரத்தைக் குறைக்க மிக மலிவான வழிக்குக் காபன் நார் தேவையில்லை: தேவைக்கு மேல் பெரிய காரை வாங்காமல் விட்டால் போதும். அடுத்த காரைத் தெரிவு செய்யும்போது விலைப்பட்டியலில் பற்றரியின் அளவையும் திரையின் அகலத்தையும் பார்க்கும் நாம், பாரம் எத்தனை கிலோ என்ற வரியையும் ஒருமுறை பார்ப்போம்.